கழற்றி வைத்த பேரிங்

ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பேனாவுக்கு. ஒரு சாண் கட்டை, நடுவில் ஓட்டை, முனையில் நிப்பு. வேறு என்ன இருக்கிறது அதில்? எழுதும். முந்நூறு ரூபாய்ச் செலவில் நான் கடைகிற பேனாவும் எழுதும். முக்குக் கடையில் பத்து ரூபாய்க்குத் தொங்குவதும் எழுதும். மணி ஒன்பதே கால். பதினொன்றுக்கு வெங்கிடுபதி வீட்டில் இருக்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது. போதும். அவன் வாங்கிய அதே மாதிரி ஒன்றைக் கடைந்து, அவன் மேஜையில், அந்தச் சனியனுக்குப் பக்கத்தில் வைத்து, எது லட்சம் எது முந்நூறு சொல்லுடா என்பேன். சொல்லட்டும். பதினாறு வருஷமாக மரம் கடைகிறவன் கடையில் போய்ப் பேனா வாங்குகிறான். சமையல்காரன் ஓட்டலில் பார்சல் வாங்குகிற மாதிரி. இல்லை, சமையல்காரன் வாங்கலாம், அவனுக்கும் ஒரு நாள் அடுப்புச் சூடு இல்லாமல் இருக்க வேண்டும். இவனுக்கு என்ன சூடு? ஃபேனுக்கு அடியில் லேத். கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை என்று மகன் போட்டுக் கொடுத்த விளக்கு. எனக்குப் பாருங்கள், கார் ஷெட், தகரக் கூரை, தை மாதத்திலேயே வேர்க்கிறது. நான் கடையவில்லையா? ஈட்டி மரக் கட்டையைக் கம்பியில் கோத்தேன், லேத்தின் பின்தலையைக் கொண்டுவந்து முட்டினேன், இறுக்கினேன். இன்னொரு சுற்று இறுக்கினேன். ஸ்விட்சைப் போட்டேன். சதுரக் கட்டை சுற்றும்போது தெரியும் அந்தப் பேய் உருவம், ஓரங்கள் மங்கலாக, நடுவில் மட்டும் கெட்டியாக. உளியை வைத்தேன். டக் டக் டக் டக். நாலு மூலையும் போக வேண்டும் முதலில். போகும். எல்லா மூலையும் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை. அவினாசி ரோட்டு ஓட்டலில் பேனாக் கண்காட்சி. நாங்கள் மூன்று பேர்தான், நான், வெங்கிடு, பல் டாக்டர் இம்மானுவேல். ஞாயிறு தவறாமல் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம், மரம் கடைவோம், ஒருவர் வேலையில் ஒருவர் குறை சொல்வோம், பிரிவோம். அன்றைக்கு வேடிக்கை பார்க்கலாம் என்று போனோம். ஏசி. காலுக்கடியில் கம்பளம். வெள்ளைக் கையுறை போட்ட பையன் பேனாவைப் பிரசவம் பார்க்கிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தான். "இது அரண்மனைத் தூண்ங்க சார். இருநூறு வருஷ ஈட்டி." எந்த அரண்மனை தம்பி என்றேன். "அது வந்து, தெக்க சார்." தெக்க எல்லாரும் அரண்மனையிலயா குடியிருந்தாங்க? "மொத்தம் பதினெட்டே பேனாதான் சார் செஞ்சிருக்கோம்." ஏன், தூண் தீந்துபோச்சா? டாக்டர் சிரித்தார், அவர் எதற்கும் சிரிப்பார், வாயைத் திறந்து காட்டுவது அவருக்குத் தொழில். பையனுக்கு முகம் செத்துவிட்டது. நான் அந்தப் பேனாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். பளபளப்பு மரத்தின் பளபளப்பு இல்லை. பசையை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த பளபளப்பு. மரத்துக்குக் கண்ணாடிச் சட்டை. நான் அதைச் செய்வதில்லை, மெழுகுதான். மரத்தைத் தொட்டால் மரம் மாதிரி இருக்க வேண்டும். ஆனால் மூடியைத் திருகினேன். மரத்திலேயே மரை வெட்டியிருக்கிறான். பித்தளை இல்லை, மரத்திலேயே. ஒன்றேகால் சுற்று. நிற்கும்போது மூடியின் ரேகையும் உடம்பின் ரேகையும் ஒன்றுக்கொன்று வந்து சேர்ந்து நின்றன, கீறல் தெரியாமல். திறந்து மறுபடி திருகினேன். மறுபடியும் சேர்ந்தன. எவனோ கெட்டிக்காரன். அதைச் சொல்ல மாட்டேன். கெட்டிக்காரனுக்குக் கூலி கொடு, அஞ்சாயிரம் கொடு, பத்து கொடு. மிச்சம் யாருக்கு? கம்பளத்துக்கு. கையுறைக்கு. அரண்மனைக்கு. "சார் எழுதிப் பாக்கறீங்களா?" நான் எதுக்கு, வாங்கவா போறேன் என்றேன். அப்போதுதான் வெங்கிடு, "இதை விடத் தடியா இருக்கா?" என்றான்.

இருந்தது. யானைக்கால் மாதிரி ஒன்று. அந்த மேஜையிலேயே அவலட்சணம் அதுதான். வெங்கிடுவுக்கு அழகு தெரியும். பம்ப் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் டிராயிங் போட்டவன். அவன் எழுத்தைப் பார்த்து அச்சு என்று நினைத்தவர்கள் உண்டு. அவன் அந்த உருளைக்கட்டையை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். ஒரு தாள் வாங்கினான். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று எழுதினான். இது எனக்கு முள் மாதிரி நிற்கிறது, ஏழு நாளாக. பேனாவை எல்லோர் முன்னாலும் எழுதிப் பார்ப்பதுதானே? கோடு போடுவதுதானே, பேரை எழுதுவதுதானே? எவ்வளவு நேரம் எழுதினான்! டாக்டர் இரண்டு பேனாவின் கதையைக் கேட்டு முடித்துவிட்டார். திரும்பி வரும்போது தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். இடது கையால் கார்டை நீட்டினான். இடது கையால். ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எனக்குக் காது சுட்டது. லிஃப்டுக்கு முன்னால், ஜனங்கள் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், "பேசாம உன் லேத்தை எடைக்குப் போடுறா. இந்தக் கட்டையை ஆசைப்பட்டு வாங்கறவனுக்கு லேத் எதுக்கு?" என்றேன். "போடத்தான் போறேன், முத்து" என்றான். நாச்சிமுத்து என்று முழுசாகவும் கூப்பிடாமல், கோபமாகவும் கூப்பிடாமல், எப்போதும் போல முத்து என்று. திமிர் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ஃபோனில் படம் வருகிறது. அவன் லேத். துடைத்து, எண்ணெய் போட்டு, பெண் பார்க்க உட்கார வைத்த மாதிரி. கீழே ஒரு வரி: யாருக்காவது பயன்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், விலை வேண்டாம். டாக்டர் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். இன்றைக்குப் பதினொன்றுக்கு வண்டி வருகிறது. என்னைக் குத்துவதற்காக ஒரு மனுஷன் லேத்தையே தூக்கிக் கொடுப்பானா? கொடுப்பான். நாயக்கன் பிடிவாதம். எனக்குத் தெரியாதா.

மூலைகள் போய்விட்டன. உருண்டை. உளியை மாற்றினேன். சாய்வு உளி, கத்தி மாதிரி, நுனி பட்டால் கொத்திவிடும், நடு விளிம்பு மட்டும் பட வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒரே கடி, கட்டை பிளந்து முகத்துக்கு வரும். அசைய மாட்டேன். கம்பெனி டூல் ரூமில் நாற்பது வருஷம். பத்தில் ஒரு மில்லிக்குச் சண்டை போட்டவன். பயிற்சிக்கு வருகிற பயல்கள் வெர்னியர் அளவுகோலைப் பிடித்து அளவு எடுக்கத் தெரியாமல், சார் வெர்னியர் ஆடுது சார் என்பார்கள். வெர்னியர் ஆடாதுடா, நீதான் ஆடறே என்பேன். வரிசையாக எல்லாப் பயலுக்கும் இதே வசனம். பின்னால் என்னையே வெர்னியர் சார் என்று கூப்பிட்டார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்து. சுருள் சுருளாக வருகிறது ஈட்டி. ரோஜா வாசனையாம் இதற்கு. எனக்குப் புளித்த வாசனைதான் அடிக்கிறது. வெங்கிடுவுக்கு ரோஜா. அவன்தான் அட்டையில் எழுதுவான். அது எங்கள் வழக்கம். மூவரில் யார் பேனா கடைந்தாலும் அதன் முதல் வரியை வெங்கிடுதான் எழுத வேண்டும். விசிட்டிங் கார்டு அளவு அட்டை. மரத்தின் பேர், வெட்டிய இடம், மாதம். வாகை, சிங்காநல்லூர் குளக்கரை, புயலில் விழுந்தது, கார்த்திகை. அவ்வளவு சின்ன எழுத்தில், ஒன்றோடு ஒன்று முட்டாமல். நிப்பு உரசுகிறதா, மை தடைப்படுகிறதா, அவன் எழுதும்போதே தெரிந்துவிடும், தலையை ஆட்டினால் பேனா பாஸ். அவன் எழுதாத பேனா பேனாவே இல்லை. என்னிடம் நூற்றுப்பதினோரு அட்டை இருக்கிறது. கடைசி நாலு அச்சு. ஆமாம், அச்சு! "குடுத்துட்டுப் போ, எழுதி அனுப்பறேன்" என்றான். வந்தது பார்த்தால் கம்ப்யூட்டர் எழுத்து. ஒரு அட்டை எழுத நேரமில்லையா பெரிய மனுஷனுக்கு? கேட்டேன். "இப்பெல்லாம் இதுதான் நீட்டா இருக்கு" என்றான். நீட்டாம். அச்சுக்குச் சவால் விட்ட கை, அச்சு நீட்டாக இருக்கிறது என்று சொல்கிறது. அன்றைக்கே அவனோடு பேச்சை முறித்திருக்க வேண்டும்.

"ஏனுங்." தெய்வானை. கையில் டீ. லேத் ஓடும்போது வராதே என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். அப்போது கம்பெனியில் இருந்தது லேத், இருந்தாலும் சொல்வேன். "என்ன?" "சத்தம் ஒரு மாதிரி வருதே." "ஈட்டி அப்படித்தான்." "ஈட்டிக்கு இந்தச் சத்தம் வராதுங். எனக்குத் தெரியாதா, பதினாறு வருஷமாக் கேக்கறன்." டீயை மரத்தூள்மேல் வைத்தாள். போகவில்லை. "சரோஜாக்கா நேத்துப் பேசுனாங்க." சரோஜா வெங்கிடுவின் சம்சாரம். "என்னவாம், பேனாவுக்கு ஆரத்தி எடுத்தாங்களாமா?" "அட, கேளுங். பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போயிட்டு அண்ணன் பந்தியில உக்காராமயே வந்துட்டாராமா. எங்க போனாலும் காபி கூட வாங்கறதில்லையாமா, ஆறு மாசமா." "வயித்துக்கு ஆகாது." "வயித்துக்கு ஒண்ணுமில்லைங்." "டீ ஆறுது, போ." "உங்களுக்குத்தான் ஆறுது, நான் குடிச்சாச்சு." போய்விட்டாள். வாசற்படியில் நின்று, "மத்தவங்க கட்டையில இருக்கற ஓட்டை மட்டும் நல்லாத் தெரியுது" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் எப்போதும் சுவரிடம்தான் சொல்வாள்.

லேத்தை நிறுத்தினேன். சத்தம் ஒரு மாதிரி வந்தது உண்மைதான். கட்டையில் விரலை ஓட்டினேன். அலை. சுற்றிச் சுற்றி மெல்லிய வரி, திருகாணி மாதிரி, நகத்துக்குத் தட்டுப்படுகிறது. கோபத்தில் பின்தலையை இறுக்கிவிட்டேன். இறுக்கினால் கம்பி வளையும், வளைந்தால் கட்டை உதறும், உதறினால் அலை. பேனா கடைகிறவன் முதல் மாதத்தில் செய்யும் தப்பு. இந்த வயசில், எழுபத்துநாலில், நான். தூ. தளர்த்தினேன். மறுபடி விரலை ஓட்டினேன். இந்த அலையை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே? வெங்கிடுவின் பூவரசம் பேனா, ஆடியில் கொண்டுவந்தான். இதே மாதிரி, இதை விடப் பெரிதாக. அதை மறைக்க முரட்டு உப்புத்தாளால் தேய்த்திருந்தான். உளியில் முடிக்க வேண்டியதை உப்புத்தாளில் முடித்தால் குறுக்கே கோடு கோடாக நிற்கும், குருடனுக்கும் தெரியும். என்னடா தார் ரோடு போட்டிருக்கே என்றேன். டாக்டர் சிரித்தார். வெங்கிடுவும் சிரித்தான். "லேத் உதறுதுடா" என்றான். பின்தலையைப் பார்த்தியா? பார்த்தேன். உளி மொட்டையா? இல்லை. அப்ப பேரிங் போயிருக்கும் என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றான் உடனே. பிடித்துக்கொண்டான் அந்த வார்த்தையை. ஆவணியில் நானே போய் லேத் தலையைக் கழற்றி, புது பேரிங் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பழசைத் தூக்கிப் போட மனசில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதோ அலமாரியில், உப்புத்தாள்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருப்பது அதுதான்.

எடுக்க வேண்டாம். மணி பத்து. கட்டையை முடி. மெழுகு போடு. கிளம்பு. அந்தப் பேனாவுக்குப் பக்கத்தில் வை. எது லட்சம் எது முந்நூறு. கையுறைப் பையன், அரண்மனை, பதினெட்டே பதினெட்டு. எதற்கு இவ்வளவு தடி? யானைக்கால். எழுதுகிறவன் எவனும் அவ்வளவு தடியான பேனா கேட்க மாட்டான். விரல் சேராது. விரல் சேராமல் எப்படிச் சின்ன எழுத்து எழுதுவது? சின்ன எழுத்து எழுதுகிறவன் மெல்லிசாகக் கேட்பான். வெங்கிடு எனக்கு எப்போதும் சொல்வது, இன்னும் அரை மில்லி எடு, இன்னும் அரை மில்லி எடு. அவன் தடியாகக் கேட்டான். எடை பார்த்தான். கனமான பேனா அசையாது. கை அசைந்தாலும். முதுகைக் காட்டி எழுதினான். வலது கை பாக்கெட்டில். பந்தியில் உட்காரவில்லை, இலையிலிருந்து வாய்க்குச் சோறு போகிற வழியெல்லாம் சிந்தும், பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான். காபி டம்ளர் டவராவில் கடகடவென்று அடிக்கும். நிறுத்து. அச்சு அட்டை. நிறுத்துடா. எடுத்தேன் பேரிங்கை. உள்வளையத்தில் சுண்டுவிரலைக் கொடுத்து வெளிவளையத்தைச் சுண்டிவிட்டேன், காதோரம் வைத்து. கெட்டுப்போன பேரிங் பேசும். உள்ளே மணல் இருப்பது போல நறநறக்கும், நடுவில் திக்கும். இது பேசவில்லை. எண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, தானாக மெதுவாக நின்றது. ஆவணியிலும் இப்படித்தான் சுண்டினேன். அவன் வீட்டில், அவன் முன்னால், காதோரம் வைத்து. சத்தமே வரவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாடா, போயிருச்சு என்றேன். நல்ல பேரிங்கைப் போயிருச்சு என்றேன். நாற்பது வருஷ சர்வீஸில் எந்த மேனேஜருக்கும் சொல்லாத பொய். சொல்லிவிட்டு, புதுசை அடித்து இறக்கிவிட்டு, உளிகளைச் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே இருந்தேன், நிறுத்தாமல், தேங்காய் விலை, மேம்பாலம், என்னென்னவோ, அவன் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று. லேத் ஆடவில்லை என்றால் யார் ஆடியது? அதை நான் அன்றைக்கே அளந்துவிட்டேன். அளந்ததை எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எழுதிக்கொள்ளாமல் ஐந்து மாசம் அவன்மேல் கோபமாக இருந்தேன். கோபம் சௌகரியமாக இருந்தது. அட்டைக்குக் கோபம், உப்புத்தாளுக்குக் கோபம், பேனாவுக்குக் கோபம், பிறகு லிஃப்டுக்கு முன்னால், லேத்தை எடைக்குப் போடுறா. அவன் முத்து என்றான். அவனாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பதினாறு வருஷம்! கை நடுங்குதுடா என்று இரண்டு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? யாரிடம் சொல்வான். வெர்னியர் சாரிடமா. டீயில் மரத்தூள் மிதக்கிறது. குடித்தேன். கட்டை இன்னும் கம்பியில் நிற்கிறது, பாதி அலையோடு. இதையா அவன் முன்னால் வைக்கப் போனேன்? வைத்து, எது லட்சம் எது முந்நூறு என்று? மணி பத்து பத்து. கைபேசி தூள் படிந்து எங்கேயோ கிடந்தது, பெருக்கித் தள்ளிக் கண்டுபிடித்தேன்.

ஆறு தடவை மணி அடித்தது. "என்ன?" என்றான் வெங்கிடு.

"வண்டி வந்துருச்சா?"

"இன்னும் இல்ல. டாக்டர் கூட்டிட்டு வர்றாரு."

"வேண்டாம்னு சொல்லு."

"ஏன், எடைக்குப் போட ஆள் பாத்துட்டியா?"

"புது பேரிங் அடிச்சது நானு. ஒரு வருஷம் ஒழுங்கா ஓட வுடாமத் தூக்கிக் குடுத்துருவியா? லேத் அங்கயே இருக்கட்டும். நான் வந்து கடையறேன். நீ பக்கத்துல நின்னு அரை மில்லி எடு, அரை மில்லி எடுன்னு உசுரை வாங்கு."

அவன் ஃபேனை அணைக்கிற சத்தம் கேட்டது. "முத்து, அது பேரிங் இல்லடா."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அது எதுக்கு உனக்கு. அந்தப் பேனா எப்படி எழுதுது?"

"அதை ஏன் கேக்கறே. கனம் நல்லாத்தான் இருக்கு. பிடிச்சா வழுக்குது. சோப்புக்கட்டி மாதிரி. பேங்க்ல கையெழுத்துப் போடறப்ப மேஜைக்கு அடியில போயிருச்சு, அந்தப் புள்ள குனிஞ்சு எடுத்துக் குடுத்துச்சு."

வழுக்குகிறது! ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வழுக்குகிறது! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல இடத்துக்கு ஏறியது. கண்ணாடிச் சட்டை போட்டால் வழுக்காமல் என்ன செய்யும்? அந்த மரையை வெட்டினவன் ஒரு தடவை அதைக் கையில் பிடித்து எழுதிப் பார்த்தானா? அரண்மனைத் தூணாம். மெழுகு கூட வேண்டாம், உளி விட்ட இடத்தில் விட வேண்டும், விரலுக்கு மரம் தட்டுப்பட வேண்டும். பிடிக்கிற இடத்தில் இரண்டு அலை இருந்தால் கூடத் தப்பில்லை. "அதை எடு" என்றேன். "வயித்துப் பக்கம் தடிமன் எத்தனை மில்லின்னு அள."

"எதுக்கு?"

"அளடான்னா."

டிராயர் இழுக்கும் சத்தம். வெர்னியர் பெட்டியின் கொக்கி. பிறகு இரும்பு பேனாமேல் படுகிற சத்தம், டிக், டிக்டிக், டிக். நிற்கவே இல்லை அது. பென்சிலை எடுத்துக் காத்திருந்தேன். "பதினேழு" என்றான். "இல்ல, பதினஞ்சு... இரு இரு. வெர்னியர் ஆடுதுடா."

அந்தப் பழைய வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். பல்லைக் கடித்து அங்கேயே நிறுத்தினேன்.

"ஆடும்" என்றேன். "பழசு. மெதுவா அள, நான் லைன்லதான் இருக்கேன்."